துகான்-பரனோவ்ஸ்கி: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பேத்தியின் பொருளியல் பாடத்தில் ரஷ்யப் பொருளியலாளர் கொந்த்ராத்தியெவின் நீண்ட அலைகளை, அதாவது பொருளாதாரம் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்ற கருத்தைப் பற்றிப் படித்ததாகவும், இத்தகைய சிந்தனை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்புவதாகவும் எழுதியிருந்தாய். அதே கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நம் கல்லூரிக் காலத்து வழக்கையும் மீண்டும் எடுத்திருந்தாய். முதலாளித்துவம் தன் முரண்பாடுகளின் பாரம் தாங்காமல் என்றோ ஒருநாள் தானாகவே சரியும் என்பது உன் கட்சி. இவ்விரண்டுக்கும் ஒரே மனிதரின் வாழ்க்கையை முன்வைத்து விடை சொல்ல முடியும் என்று தோன்றுவதால் இக்கடிதம் சற்று நீளமாகிறது. கொந்த்ராத்தியெவின் ஆசிரியரும், 1917-இல் உருவான உக்ரைன் அரசின் முதல் நிதிப் பொறுப்பாளர்களுள் ஒருவருமான மிகைலோ துகான்-பரனோவ்ஸ்கிதான் அவர். அந்தச் சரிவு தானாக வராது என்று மார்க்சியர்களின் நடுவே நின்றுகொண்டே சொன்னவர். அதனால் இரு தரப்பாரின் கோபத்துக்கும் ஆளானவர்.

அவர் 1865-இல் கார்கிவ் மாகாணத்தின் குப்பியான்ஸ்க் வட்டத்தில் பிறந்தார். இன்றைய போர்ச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் அதே குப்பியான்ஸ்க்தான். தந்தை லித்துவேனியத் தாத்தார் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவர், தாய் உக்ரைனியர். கார்கிவ் பல்கலைக்கழகத்தில் முதலில் இயற்பியலும் கணிதமும் படித்து, பிறகு சட்டமும் பொருளியலும் படித்துத் தேர்ந்தார். இடையில் 1886-இல் பீட்டர்ஸ்பர்கில் நடந்த ஒரு மாணவர் ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டதால் அந்நகரிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஜாரைக் கொல்லச் சதி செய்ததற்காக மறு ஆண்டு தூக்கிலிடப்பட்ட அலெக்சாந்தர் உலியானோவ், அதாவது லெனினின் அண்ணன், அந்நாட்களில் அவருக்கு அறிமுகமானவர். ஆனால் துகான் வெடிகுண்டின் பக்கம் போகவில்லை. புள்ளிவிவரத்தின் பக்கம் போனார். 1890-இல் வெளியான அவருடைய முதல் முக்கியக் கட்டுரை, ஒரு பொருளின் மதிப்பு அதில் கடைசியாகச் சேரும் ஓர் அலகு தரும் பயனைப் பொறுத்தது என்னும் இறுதிநிலைப் பயன்பாட்டுக் கோட்பாட்டை ரஷ்ய வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியது. அந்தக் கோட்பாடும், பொருளின் மதிப்பு அதில் செலவான உழைப்பிலிருந்து வருகிறது என்னும் மார்க்சின் உழைப்பு மதிப்புக் கோட்பாடும் ஒன்றையொன்று அழிப்பவை என்று எல்லோரும் எண்ணியிருந்தபோது, இரண்டும் ஒன்றையொன்று நிறைவுசெய்யக்கூடியவை என்று வாதிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. யாருடைய முகாமிலும் முழுமையாகக் குடியேறாத அந்தக் குணம் கடைசிவரை மாறவில்லை.

1892-இல் அவர் லண்டன் சென்று, பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் அமர்ந்து இங்கிலாந்தின் வணிக நெருக்கடிகளைப் பற்றிய அரசு ஆவணங்களையும் புள்ளிவிவரங்களையும் படித்தார். அதன் விளைவாக 1894-இல் வெளிவந்த நூலே அவருக்கு ஐரோப்பாவெங்கும் பெயர் தேடித் தந்தது. 1825, 1836, 1847, 1857, 1866 என்று ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை இங்கிலாந்து ஏன் தடுமாறியது என்பதே அதன் கேள்வி. மக்களிடம் வாங்கும் சக்தி குறைவதால் நெருக்கடி வருகிறது என்பது அன்றைய பொதுக் கருத்து. துகான் அதை மறுத்து, முதலீட்டின் பக்கம் கையைக் காட்டினார். மந்தமான ஆண்டுகளில் தொழில்கள் முடங்கினாலும், நில வாடகையும் வட்டியும் போன்ற நிலையான வருமானம் உள்ளவர்களின் சேமிப்பு நிற்பதில்லை. அந்தப் பணம் முதலீடாக மாறாமல் வங்கிகளில் குவிகிறது. நீராவி எந்திரத்தின் உருளைக்குள் ஆவி சேர்ந்து, அழுத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் பிஸ்டனைத் தள்ளுவதுபோல, குவிந்த பணமும் ஒரு கட்டத்தில் ரயில்பாதை, ஆலை, எந்திரம் என்று நிலை மூலதனமாகப் பாய்கிறது என்று அவரே உவமை சொல்கிறார். இரும்பின் விலை ஏறுகிறது, ஊரே செழிக்கிறது. சேமித்த பணம் தீர்ந்ததும் கட்டுமானம் நிற்கிறது, இரும்பின் விலை விழுகிறது, துறைகளுக்கு இடையிலான பொருத்தம் குலைந்து சரிவு தொடங்குகிறது. அதனால்தான் ஒரு நாட்டின் பொருளாதாரத்தின் நாடியைப் பிடித்துப் பார்க்க இரும்பு விலையைப் பார்த்தால் போதும் என்று அவர் நினைத்தார்.

இந்த விளக்கத்தில் ஓட்டைகள் உண்டு. மந்தக் காலத்தில் அவ்வளவு சேமிப்பு உண்மையில் குவிகிறதா என்று பின்னால் வந்தவர்கள் நியாயமாகவே கேட்டார்கள். எனினும் சேமிப்பும் முதலீடும் வெவ்வேறு மனிதர்களின் வெவ்வேறு முடிவுகள், அவை தாமாகவே சமமாகிவிடுவதில்லை என்ற கருத்துக்கு இங்கே தெளிவான தொடக்கம் இருக்கிறது. 1930-இல் பணத்தைப் பற்றி எழுதிய பெருநூலில், வணிகச் சுழற்சியை முதலீட்டின் ஏற்ற இறக்கத்தால் விளக்கிய சிந்தனையாளர்களுள் முதலாமவரும் மிகுந்த தற்சிந்தனை உடையவரும் துகான்தான் என்று ஆங்கிலப் பொருளியலாளர் கெயின்ஸ் ஒப்புக்கொண்டார். கொந்த்ராத்தியெவ் பீட்டர்ஸ்பர்கில் இவரிடம் படித்த மாணவர். நிலை மூலதனம் விட்டுவிட்டுப் பாய்கிறது என்று ஆசிரியர் பத்தாண்டுச் சுழற்சிக்குச் சொன்ன விளக்கத்தை, மாணவர் அரை நூற்றாண்டு அலைகளுக்கு விரித்தார் என்று சொல்லலாம். உன் முதல் கேள்விக்கு இதுவே விடை.

ஆனால் அந்த நூலில் நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கும் பகுதி கோட்பாடு அல்ல. நெருக்கடி ஆண்டுகளில் இங்கிலாந்தின் சாதாரணக் குடும்பங்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு அவர் ஒரு பெரும்பகுதியையே ஒதுக்கியிருக்கிறார். தொழிற்சாலை மாவட்டங்களையும் விவசாய மாவட்டங்களையும் பிரித்து வைத்து, திருமணம், இறப்பு, குற்றம், ஏழைகளுக்கான உதவி ஆகியவற்றின் எண்ணிக்கைகளை வணிகத்தின் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிடுகிறார். விவசாய மாவட்டங்களில் அவ்வளவாக அசையாத கோடுகள், ஆலை மாவட்டங்களில் வணிகத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வராமல் லங்காஷயரின் ஆலைகள் நின்ற ஆண்டுகளைப் பற்றியும், வாக்குரிமை கேட்ட ஆங்கிலத் தொழிலாளர்களின் சாசன இயக்கத்தின் எழுச்சிக்கும் வேலையின்மைக்கும் இருந்த தொடர்பைப் பற்றியும் அவர் எழுதியவற்றைப் படித்தால், மனிதரை மறந்து எண்களில் மூழ்கியவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

இருந்தும் அப்படித்தான் சொன்னார்கள். நீயும் அதே காரணத்துக்காக அவர்மீது கோபப்படக்கூடும் என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன். உற்பத்திக் கருவிகளைச் செய்யும் துறையும் நுகர்பொருள்களைச் செய்யும் துறையும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்று காட்டும் மார்க்சின் மறுஉற்பத்தி அட்டவணைகளை எடுத்துக்கொண்டு துகான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். துறைகளுக்கு இடையே விகிதம் சரியாக அமைந்தால், மக்களின் நுகர்வு குறைந்துகொண்டே போனாலும் முதலாளித்துவ உற்பத்தி பெருகிக்கொண்டே போக முடியும்; எந்திரங்கள் எந்திரங்களைச் செய்யும், அவை மேலும் எந்திரங்களைச் செய்யும். தொழிலாளர்கள் அனைவரும் மறைந்து ஒரே ஒருவர் மட்டும் எஞ்சி, அவர் ஒருவரே அத்தனை எந்திரங்களையும் இயக்கினாலும் சரக்கு விற்காமல் தேங்காது என்று எழுதினார். மார்க்சியர்கள் கொதித்துப் போனார்கள். ஜெர்மானிய மார்க்சியரான கவுட்ஸ்கி மறுப்பு எழுதினார். மற்றொரு மார்க்சியச் சிந்தனையாளரான ரோசா லுக்சம்பர்க் மூலதனத் திரட்சி பற்றிய 1913-ஆம் ஆண்டு நூலில் இவரோடு நீண்ட வாதம் நடத்தினார். சந்தை பற்றிய இவருடைய கருத்துகளை லெனினும் 1890-களிலேயே விவாதித்திருந்தார்.

அந்தக் கணக்கு நடைமுறையில் செல்லுபடியாகாது என்பதை நானும் ஏற்கிறேன். இறுதியில் யாரும் உடுத்தாத துணிக்காக முடிவின்றித் தறிகளைச் செய்துகொண்டிருக்கும் முதலாளி எங்கும் இல்லை. ஆனால் துகான் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, குற்றச்சாட்டாகச் சொன்னார் என்பதே என் வாசிப்பு. மனிதருக்காகப் பொருளாதாரம் என்பதை மாற்றி, பொருளாதாரத்துக்காக மனிதர் என்று ஆக்கிய ஓர் அமைப்பு எதுவரை போகும் என்று அவர் காட்டினார். ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட்டின் அறவியலை ஆழமாக ஏற்றவர் அவர். ஒவ்வொரு மனிதரும் தம்மளவில் நோக்கமே, பிறருடைய நோக்கத்துக்குக் கருவி அல்லர். எல்லா மனிதரும் சமமான மதிப்புடையவர்கள். பொருளியலுக்கே இந்த அறக்கருத்துதான் அடித்தளமாக இருக்க வேண்டும் என்று அவர் எழுதினார். முதலாளித்துவத்தின் உண்மையான முரண்பாடு சந்தையில் இல்லை, மனிதரைக் கருவியாக்குவதில் இருக்கிறது. ஆகவே அது பொருளாதாரக் காரணத்தால் தானாக இடிந்து விழும் என்று எதிர்பார்ப்பதற்கு ஆதாரம் இல்லை. வேறொரு வாழ்வு வேண்டுமென்றால் அதை மனிதர்கள் விரும்பித் தேர்ந்து, உணர்ந்து கட்ட வேண்டும். உன் கட்சிக்கு எதிரான என் கட்சியை இதைவிட நன்றாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. அவருடைய பிற்கால வாழ்வு முழுவதும் இந்த ஒரு முடிவிலிருந்து பிறந்தது என்றே எண்ணுகிறேன்.

அரசு அவரை நிம்மதியாக இருக்கவிடவில்லை. 1898-இல் வெளிவந்த ரஷ்யத் தொழிற்சாலையின் வரலாறு அவருக்கு முனைவர் பட்டம் பெற்றுத் தந்தது. ரஷ்யாவுக்கு முதலாளித்துவம் அந்நியச் சரக்கு என்ற நரோத்னிக்குகளின், அதாவது கிராமச் சமூகத்தை நம்பிய ரஷ்ய சோஷலிஸ்டுகளின், நம்பிக்கையை, பீட்டர் பேரரசர் காலம் தொடங்கிப் பண்ணையடிமைகள் உழைத்த ஆலைகள், ஆலையில் தொழில் பழகிய விவசாயி வீட்டுக்குத் திரும்பித் தறி போட்டு அந்த ஆலைக்கே போட்டியான கதை ஆகியவற்றின் வழியாக அந்நூல் தகர்த்தது. ஆனால் மறு ஆண்டே அரசியல் நம்பகத்தன்மை இல்லாதவர் என்று பல்கலைக்கழகப் பணியிலிருந்து நீக்கப்பட்டார். 1900-இல் மனைவி லிதியா இறந்தார். 1901-இல் கசான் தேவாலயத்தின் முன் நடந்த ஆர்ப்பாட்டத்தில் பங்கேற்றதற்காகத் தலைநகரை விட்டே அனுப்பப்பட்டு, பொல்தாவா மாகாணத்தின் லோக்வித்சியா என்ற சிறு நகரில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். தண்டனையாக வந்த இந்த வாசம் அவரை உக்ரைனிய கிராமத்தோடு மீண்டும் இணைத்தது. உள்ளாட்சி மன்றங்களின் பணியிலும் அவர் அங்கே ஈடுபட்டார்.

கூட்டுறவு பற்றிய அவருடைய சிந்தனை இதன் பிறகே முதன்மை பெற்றது. 1909 முதல் கூட்டுறவு இயக்கத்துக்கான இதழொன்றின் ஆசிரியராக இருந்தார். 1916-இல் கூட்டுறவின் சமூக அடிப்படைகள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். கூட்டுறவு என்பது வெறும் நல்லெண்ணச் சங்கம் அல்ல, அது ஒரு தொழில் நிறுவனம். ஆனால் மூலதனத்தின் லாபத்தைப் பெருக்குவது அதன் நோக்கம் அல்ல, உறுப்பினர்களின் உழைப்பு வருமானத்தைக் கூட்டுவதோ வீட்டுச் செலவைக் குறைப்பதோதான் நோக்கம் என்று அவர் வரையறுத்தார். நகரத் தொழிலாளியின் நுகர்வோர் சங்கமும் விவசாயியின் கடன் சங்கமும் ஒரே பெயரைத் தாங்கினாலும் அவற்றின் சமூக வேர்கள் வேறு என்று பிரித்துக் காட்டினார். தொழிலாளர்களே நடத்தும் உற்பத்திக் கூட்டுறவுகள் தோற்றால் மூடப்படுகின்றன, வென்றாலோ புதியவர்களைப் பங்காளிகளாகச் சேர்க்காமல் கூலிக்கு அமர்த்திச் சாதாரண முதலாளி நிறுவனங்களாக மாறிவிடுகின்றன என்று அவர் கசப்போடு எழுதியதை, கூட்டுறவை நேசிக்கும் எவரும் கடந்துபோக முடியாது. தாம் நம்பிய ஒன்றின் பலவீனத்தை இவ்வளவு நேராகச் சொல்பவர்கள் அரிது.

இனி 1917-க்கு வருகிறேன். ஜார் ஆட்சி விழுந்தபின் அவர் உக்ரைனுக்கு வந்து, கூட்டாட்சியை ஆதரித்த சோஷலிஸ்ட்-ஃபெடரலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். வரலாற்றாசிரியர் ஹ்ருஷெவ்ஸ்கி தலைமையிலான மத்திய ராடா என்ற உக்ரைனியப் பேரவை கியேவில் அமைத்த செயலகத்தில், அதாவது அமைச்சரவையில், நிதிச் செயலர் பொறுப்பை ஏற்றார். அவருக்கு முன்னால் அதே பொறுப்பில் இருந்தவரின் பெயரும் பரனோவ்ஸ்கிதான்; கூட்டுறவாளரான ஹ்ரிஸ்தோஃபோர் பரனோவ்ஸ்கியையும் இவரையும் ஒருவரென்று குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அந்தப் பொறுப்பின் நிலையை எண்ணிப் பார். பெத்ரோகிராதின், அதாவது அன்று பெயர் மாறியிருந்த பீட்டர்ஸ்பர்கின், தற்காலிக அரசு அந்தச் செயலகத்தின் அதிகாரத்தை ஐந்து மாகாணங்களுக்குள் சுருக்கியிருந்தது. வரி வசூலிக்கும் இயந்திரம் மத்திய அரசின் கையில் இருந்தது. நோட்டு அச்சடிக்கும் உரிமை கியேவுக்கு இல்லை. போரால் பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருந்தது. அக்டோபரில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்தபின் வடக்கிலிருந்து வர வேண்டிய நோட்டுகளும் நின்றன.

இதில் ஒரு பொருத்தம் உண்டு. சரியாக அதே 1917-இல்தான் காகிதப் பணத்தையும் உலோகத்தையும் பற்றிய அவருடைய நூல் வெளிவந்திருந்தது. பணத்தின் மதிப்பைத் தங்கமும் தீர்மானிப்பதில்லை, புழக்கத்தில் உள்ள நோட்டுகளின் எண்ணிக்கை மட்டுமே தீர்மானிப்பதும் இல்லை. நாட்டின் பொருளாதாரச் சூழல் முழுவதுமே தீர்மானிக்கிறது. எனவே அரசு அறிவோடு நிர்வகிக்கும் காகிதப் பணம் தங்கத்தைவிடத் தாழ்ந்தது ஆக வேண்டியதில்லை என்று அவர் அதில் வாதிட்டார். இன்று உலகமே ஏற்றுக்கொண்ட ஏற்பாட்டை, தங்கமே தெய்வமாக இருந்த காலத்தில் சொன்னவரின் கையில் நிர்வகிப்பதற்கு ஒரு நாணயம்கூட இல்லை. ஆண்டு முடியும் தருவாயில் அவர் பதவி விலகினார். உக்ரைனின் முதல் நோட்டு, ஓவியர் நார்புத் வடிவமைத்த நூறு கர்போவனெத்ஸ், 1918 ஜனவரியில் புழக்கத்துக்கு வந்தது. உக்ரைனியம், ரஷ்யம், போலிஷ், யித்திஷ் என்று நான்கு மொழிகளில் மதிப்பு அச்சிடப்பட்ட நோட்டு அது.

அமைச்சராக அவர் சாதித்தது மிகக் குறைவே. பதவியை விட்டபின் அவர் செய்தவைதான் என்னை வியக்க வைக்கின்றன. 1918-இல் மட்டும் கியேவ் நகரை ராடாவும் போல்ஷெவிக்குகளும் ஜெர்மானியப் படையும், அதன் ஆதரவோடு ஹெத்மன் என்ற பட்டத்தில் ஆண்ட ஸ்கோரோபாத்ஸ்கியும் மாறிமாறிப் பிடித்தார்கள். டிசம்பரில், ஹெத்மனை வீழ்த்திய உக்ரைனியக் குடியரசின் டைரக்டரி என்ற ஆட்சிக்குழு நுழைந்தது. அத்தனை கொந்தளிப்புக்கும் நடுவே அவர் கியேவ் பல்கலைக்கழகச் சட்டத்துறையின் தலைவராக இருந்தார், கூட்டுறவாளர்களின் மையக் குழுவுக்குத் தலைமை தாங்கினார், கூட்டுறவுக் கல்விக்கென ஒரு நிறுவனம் உருவாக உழைத்தார். வாழ்நாளெல்லாம் ரஷ்ய மொழியில் எழுதியவர், கூட்டுறவையும் அரசியல் பொருளாதாரத்தையும் பற்றி உக்ரைனிய மொழியில் எளிய நூல்களை வெளியிட்டார். நவம்பரில் உக்ரைனிய அறிவியல் கழகம் நிறுவப்பட்டபோது, நியமிக்கப்பட்ட முதல் பன்னிரண்டு உறுப்பினர்களுள் அவரும் ஒருவர். சமூக, பொருளாதார அறிவியல் பிரிவுக்கு அவரே தலைவர். கழகத்தின் தலைவர் புவிவேதியியல் அறிஞர் வெர்னாத்ஸ்கி. அந்தப் பன்னிருவரில் இன்னொருவர், பொறியியல் படித்த நாளில் நீ கரைத்துக் குடித்த பொருள் வலிமைப் பாடங்களின் டிமொஷென்கோ என்பது உனக்கு மகிழ்ச்சி தரும். பொருளாதாரப் போக்குகளை இடைவிடாமல் கணித்துக்கொண்டே இருக்கும் ஓர் ஆய்வு நிறுவனத்துக்குத் துகான் அங்கே திட்டமிட்டார். அதே நோக்கம் கொண்ட நிறுவனத்தைத்தான் 1920-இல் கொந்த்ராத்தியெவ் மாஸ்கோவில் தொடங்கினார்.

எந்த அரசு நிலைக்கும் என்று தெரியாத நாட்களில், அரசுகளுக்குப் பிறகும் நிற்கக்கூடியவற்றை அவர் கட்டிக்கொண்டிருந்தார். ஹெத்மனின் ஆட்சியில் பணியாற்றியதற்காக அவரைக் குறை சொல்பவர்கள் இருந்தார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. தானாக எதுவும் வராது என்று நம்பிய ஒருவருக்குக் காத்திருப்பது ஒரு வழியாகவே தோன்றியிருக்காது.

1919 ஜனவரியில், பாரிஸ் அமைதி மாநாட்டுக்குச் செல்லும் உக்ரைனியத் தூதுக்குழுவுக்குப் பொருளாதார ஆலோசகராக அவர் புறப்பட்டார். ஒதேசா நோக்கிச் சென்ற ரயிலில், ஜனவரி 21 அன்று, இதயநோயால் இறந்தார். வயது ஐம்பத்து நான்கு. ஒதேசாவிலேயே அடக்கம் நடந்தது. இரண்டு வாரங்களுக்குப் பிறகு கியேவ் மறுபடியும் போல்ஷெவிக்குகளிடம் வீழ்ந்தது. தம் ஆசிரியரைப் பற்றி 1923-இல் ஒரு சிறு நூல் எழுதிய கொந்த்ராத்தியெவ், 1930-இல் கைதாகி, 1938-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். சோவியத் பாடநூல்களில் துகான் நீண்ட காலம் மறுக்கப்படுவதற்காக மட்டுமே குறிப்பிடப்படும் பெயராக இருந்தார். சுதந்திர உக்ரைனில் தொனெத்ஸ்கின் பொருளாதார, வணிகப் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2014-இல் அந்நகரம் பறிபோனபின் அதே பெயரோடு அது கிரிவிய் ரிஹ் நகருக்கு இடம்பெயர்ந்தது.

உன் மறுப்பு வரும் என்று தெரியும், வரட்டும். ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிடாதே. வென்ற கூட்டுறவு முதலாளி நிறுவனமாகிவிடுகிறது என்று அவரே ஒப்புக்கொண்ட பிறகும், மனிதர்கள் விரும்பிக் கட்டும் அமைப்பு தன் நோக்கத்தை இழக்காமல் வளர முடியும் என்று அவர் நம்பியதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது? நுகர்வோர் சங்கங்கள் எல்லோருக்கும் கதவைத் திறந்தே வைத்திருப்பதால் அவை அப்படித் திரிவதில்லை என்பது அவருடைய விடை. அது போதுமானதா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று விரிவாக எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்